எனக்கு நினைவே இல்லாத ஞானஸ்நானம், இன்றைக்கு எனக்கு என்ன?

மாதக்கடைசி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா இறந்து மூன்று மாதமாகிறது. அவர்களுடைய பீரோவைத் திறக்கப் போன வாரம்தான் மனசு வந்தது. துணிகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே என் ஞானஸ்நானச் சான்றிதழ், செய்தித்தாளில் சுற்றிய ஒரு மெழுகுவர்த்தி. ஒரு விரற்கடை அளவுதான் எரிந்திருக்கிறது. திரி கருகி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. வெள்ளை மெழுகு பழுப்பேறிவிட்டது. மேலே உருகி வழிந்த இடத்தில் யாருடைய விரல் ரேகையோ பதிந்து, அப்படியே உறைந்துபோயிருக்கிறது.

சான்றிதழில் என் முழுப்பெயர் இருக்கிறது, பிறந்த தேதி இருக்கிறது. அதிலிருந்து நான்கு மாதம் கழித்து ஞானஸ்நானத் தேதி. எனக்காகப் பொறுப்பேற்ற ஞானப்பெற்றோர் பெயர்கள், குருவானவர் கையெழுத்து. எனக்கு இப்போது 41 வயது. அந்த நாளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் தாளில் இருப்பதுதான்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் நினைவு ஒரு காரணம். இன்னொன்று, அதற்கு இரண்டு நாள் முன்னால் அலுவலகத்தில் நான் செய்த காரியம்.

கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அந்த மாதம் டார்கெட்டுக்குக் கொஞ்சம் குறைந்தது. 2-ஆம் தேதி வண்டி ஏறிய சரக்குக்கு, முந்தைய மாதம் 30-ஆம் தேதி போட்டு இன்வாய்ஸ் அடிக்கச் சொன்னார் மேலாளர். "எல்லா இடத்திலும் நடக்கிறதுதான். இதில் யாருக்கு நஷ்டம்?" என்றார். அடித்துவிட்டேன். டெலிவரி சலானில் ஒரு தேதி, இன்வாய்ஸில் ஒரு தேதி. என் யூசர் ஐடியில் போட்டதால் சிஸ்டத்தில் அந்தப் பதிவுக்கு நேராக என் பெயர் விழுந்திருக்கிறது. சான்றிதழில் இருந்ததும் அதே பெயர். இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்ததுதான் என்னைப் படுத்துகிறது.

நெருங்கிய நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் வேறு சபை. "குழந்தையில் தெளித்ததெல்லாம் ஞானஸ்நானம் ஆகாது. நீ விசுவாசித்து, அறிக்கை செய்து, முழுகி எழும்பு. எல்லாம் புதிதாகும்" என்றார். உண்மையைச் சொன்னால், அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

என் கேள்வி இதுதான். நான் ஞானஸ்நானம் பெற்றவன் என்பது என்னைப் பற்றிய ஒரு பழைய தகவலா? அல்லது இன்றைக்கு, ஒரு சாதாரண வேலைநாளில், எனக்குள் ஏதாவது செய்கிற ஒன்றா? திடப்படுத்தல் வகுப்பில், அதாவது வளர்ந்த பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தை உறுதிசெய்யும் முன் படிக்கிற வகுப்பில், மனப்பாடம் செய்த பதில் இன்னும் நினைவிருக்கிறது. அந்தப் பதில் எனக்கு வேண்டாம். உங்கள் வாழ்க்கையில் அது எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.


நதியோரம் எழுதியது:

தம்பி, அம்மாவை இழந்த துக்கத்தில் இருக்கிறீர்கள். கர்த்தர் உங்களைத் தேற்றுவாராக.

நான் உங்கள் நண்பரின் பக்கத்தைச் சேர்ந்தவள். 26 வயதில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றேன். விசுவாசம் முதலில், தண்ணீர் பிறகு என்பதுதான் வேதத்தில் நான் காணும் ஒழுங்கு. அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி இதோ தண்ணீர் இருக்கிறது, தடை என்ன என்று தானே கேட்கிறார். அந்த நம்பிக்கையை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் உங்களிடம் நான் சொல்ல நினைப்பது வேறு.

உங்களுக்கு நினைவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். எனக்கு எல்லாமே நினைவிருக்கிறது. நான்கு படி இறங்கினேன். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. வெள்ளை அங்கி நனைந்து கனத்து, காலைச் சுற்றிக்கொண்டது. போதகர் ஒரு கையைப் பிடரிக்குக் கீழே கொடுத்தார். பின்னால் சாய்ந்தபோது காதுக்குள் தண்ணீர் போய், பாடிக்கொண்டிருந்தவர்களின் சத்தம் பட்டென்று நின்றது. ஒரு நொடிதான். அந்த நிசப்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. எழும்பியபோது மூக்கெல்லாம் எரிந்தது, அழுதேன், சுற்றி எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

அன்றைக்கு நான் தங்கையிடம் பேசி இரண்டு வருடமாகியிருந்தது. வீட்டுப் பங்கு விஷயத்தில் அவள் சொன்ன ஒரு வார்த்தை. அதை மனதில் வைத்துக்கொண்டேதான் தண்ணீரில் இறங்கினேன், அப்படியேதான் ஏறி வந்தேன். ஒரு மாதம் கழிந்தது, இரண்டு மாதம் கழிந்தது. ஞானஸ்நானப் புகைப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருந்தது. அவள் நம்பரைப் பார்க்கும்போதெல்லாம் கை நின்றது. நினைவு எனக்குத் தெளிவாகவே இருந்தது, தம்பி. அந்த நினைவு ஒரு போன் கூடப் போட்டுத் தரவில்லை.

ஒருநாள் ரோமர் 6-ஐ வாசித்துக்கொண்டிருந்தேன். கிறிஸ்துவின் மரணத்துக்குள்ளாக ஞானஸ்நானம் பெற்றோம், அவரோடேகூட அடக்கம்பண்ணப்பட்டோம் என்கிறார் பவுல். நூறு முறை கேட்ட வசனம்தான். அன்றைக்கு மட்டும் அது என்னைப் பிடித்து உட்கார வைத்தது. அடக்கம் ஆகிவிட்டது என்றால், யார் முதலில் பேசுவது என்று கணக்குப் பார்க்கிறவள் யார்? செத்தவளுக்கு என்ன ரோஷம்? அன்று மாலை போன் செய்தேன். அவள் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. நான்காவது நாள் எடுத்து, எதுவும் பேசாமல் அழுதாள்.

என்னைக் கேட்டால் எனக்கு ஞானஸ்நானம் நடந்தது அந்தத் தொட்டியில், அது வேலை செய்ய ஆரம்பித்தது அந்த நான்கு நாளில்.

அதனால் ஒன்றே ஒன்று சொல்கிறேன், அக்கா சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்கு எடுப்பதா வேண்டாமா என்று நீங்கள் ஜெபித்து முடிவெடுங்கள். ஆனால் அந்தத் தேதியைத் திருத்தாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரனைப் பாருங்கள். தானே தொழுமரத்தில் மாட்டிவைத்த பவுலையும் சீலாவையும் அந்த இராத்திரியிலேயே வெளியே அழைத்துக்கொண்டு போய், முதலில் அவர்களுடைய காயங்களைக் கழுவுகிறான். பிறகுதான் அவனுக்கு ஞானஸ்நானம். இரண்டுக்கும் நடுவில் ஒரு இராத்திரி கூடப் போகவில்லை.


வேதபாடம் எழுதியது:

நதியோரம் சகோதரி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. நான் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்கிற சபையைச் சேர்ந்தவன். ஆனாலும் அவர் சொன்னதில் நான் மறுக்க எதுவும் இல்லை.

நான் 22 வருடமாகத் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறேன். "மனப்பாடம் செய்த பதில் வேண்டாம்" என்று நீங்கள் எழுதியது என் மேல் விழுந்த அடி, நியாயமான அடி. ஞானஸ்நானம் என்றால் என்ன என்று பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன், பதிலுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன். நேற்று அம்மாவிடம் பொய் சொன்னபோது உன் ஞானஸ்நானம் எங்கே இருந்தது என்று ஒரு பிள்ளையிடமும் கேட்டதில்லை. அதனால் உங்களுக்குப் பதில் சொல்வது என் கடமை என்று நினைக்கிறேன்.

நம் தமிழிலேயே ஒரு வித்தியாசம் இருக்கிறது. "ஞானஸ்நானம் பெற்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். பிறகு "ஞானஸ்நானம் பெற்றிருக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். முதலாவது முடிந்துபோனது. இரண்டாவது நடந்து முடிந்தும் என்னிடம் நிற்கிறது. மார்ட்டின் லூத்தர் சோதனை வரும்போது பிடித்துக்கொண்டது இந்த இரண்டாவதைத்தான். நான் நல்லவன் என்று அவர் சொல்லவில்லை, எனக்கு விசுவாசம் பலமாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. நான் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறேன் என்றார். 1529-இல் அவர் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி பதில் நூலில், நமக்குள் இருக்கும் பழைய ஆதாம் தினந்தோறும் மனஸ்தாபத்தாலும் மனந்திரும்புதலாலும் மூழ்கடிக்கப்பட வேண்டும், புதிய மனிதன் தினந்தோறும் எழும்ப வேண்டும் என்கிறார். தண்ணீர் ஒருமுறை. மூழ்குவது தினமும். நீங்கள் வகுப்பில் மனப்பாடம் செய்த பதிலுக்குள் இதுவும் இருந்திருக்கும். யாரும் நிறுத்திச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இயேசுவின் ஞானஸ்நானத்தையும் பாருங்கள். மாற்கு முதல் அதிகாரம். யோர்தானிலிருந்து அவர் கரையேறுகிறார், நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன் என்ற குரல் கேட்கிறது. அந்தச் சுவிசேஷத்தில் அதுவரை அவர் ஒரு நோயாளியைக் குணமாக்கவில்லை, ஒரு பிரசங்கம் செய்யவில்லை. முதலில் பெயர், பிறகு வனாந்தரம், அதற்குப் பிறகுதான் ஊழியம். நாம் இதைத் தலைகீழாக வாழ்கிறோம். ஒழுங்காக நடந்தால்தான் பிள்ளை என்று நினைக்கிறோம். அதனால்தான் ஒரு தப்பு நடந்ததும், பிள்ளை என்பதே பொய்யோ, மறுபடியும் பெற வேண்டுமோ என்று மனம் ஓடுகிறது.

மறுபடியும் பெறுவதைப் பற்றி: இது பழைய கேள்வி. ரோமப் பேரரசில் துன்புறுத்தல் வந்தபோது வேதச் சுருள்களை ஒப்படைத்துவிட்டுத் தப்பித்த குருமார் இருந்தார்கள். அப்படிப்பட்டவர்களுடைய ஊழியம் செல்லாது, அதில் பெற்ற ஞானஸ்நானமும் செல்லாது என்று வட ஆப்பிரிக்காவில் தொனாத்துஸ் என்ற ஆயரின் பக்கத்தார் சொன்னார்கள். 314-இல் ஆர்ல் நகரில் கூடிய சங்கம், திரியேகக் கடவுளின் நாமத்தில் ஞானஸ்நானம் பெற்று வருகிறவர்களுக்கு மறுபடி கொடுக்க வேண்டாம் என்றது. பிறகு அகஸ்டின் இதை விரிவாக எழுதினார். சாரம் இதுதான்: ஞானஸ்நானம் கிறிஸ்துவினுடையது, கொடுக்கிறவனுடையது அல்ல. அதைக் கொடுத்தவனுடைய பலவீனம் கெடுக்காது என்றால், பெற்றவனுடைய பலவீனமும் அதை அழித்துவிடாது. ஒரே ஞானஸ்நானத்தை அறிக்கையிடுகிறோம் என்று நைசியா விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறோமே, அது வெறும் எண்ணிக்கை இல்லை. 1982-இல் லீமாவில் பல சபைகளின் இறையியலாளர் சேர்ந்து முடித்த ஆவணமும் ஞானஸ்நானம் திரும்பச் செய்யக்கூடாத செயல் என்கிறது.

உங்கள் நண்பரின் பாரம்பரியத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 1525-இல் சூரிக்கில் ஒரு சின்னக் கூட்டம் பெரியவர்களாக ஞானஸ்நானம் பெற்றபோது, தாங்கள் இரண்டாவது முறை பெறுவதாக அவர்கள் நினைக்கவில்லை. இதுதான் முதலாவது என்று நம்பினார்கள். அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸை 1527-இல் லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். கொன்றது என் பக்கத்துச் சீர்திருத்தக்காரர்கள். அதை நினைத்தால் இந்த விவாதத்தில் குரல் உயர்த்த எனக்கு வாய் வராது.

இன்னும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஞானஸ்நானம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான் என்று நினைக்கிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது. 1667-இல் வர்ஜீனியா குடியேற்றத்தின் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது: அடிமை ஒருவர் ஞானஸ்நானம் பெறுவதால் அவருடைய அடிமை நிலை மாறாது என்று. யோசித்துப் பாருங்கள். தலையில் நாலு சொட்டுத் தண்ணீர் என்றால் அதற்கு எதிராக ஏன் ஒரு சட்டம்? யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை என்று கலாத்தியர் நிருபத்தில் பவுல் எழுதியது ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசுகிற அதே இடத்தில். அந்தத் தண்ணீர் ஒரு மனிதன் யாருடையவன் என்ற கேள்வியில் கை வைக்கிறது என்பது எஜமான்களுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. ஞானஸ்நானம் பெற்ற நமக்குத்தான் அது மறந்துபோகிறது. உங்கள் மேலாளர் தேதியை மாற்றச் சொன்னபோது அவரும் கேட்டது அந்தக் கேள்வியைத்தான், அவருக்கே தெரியாமல்.


வழிப்போக்கன் எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம், யாரையும் புண்படுத்துவதற்காகக் கேட்கவில்லை. என் பக்கத்து மேசையில் இருப்பவருக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாது. அவராக இருந்தால் அந்தத் தேதியைப் போட்டிருக்கவே மாட்டார். நேர்மை எல்லா மனிதர்களுக்கும் பொது. அதை ஏன் ஞானஸ்நானத்தோடு முடிச்சுப் போட வேண்டும்? ஞானஸ்நானம் பெற்றும் போட்டவர் இவர், பெறாமலே போடாதவர் அவர். அப்படியென்றால் அது தரும் அடையாளம்தான் என்ன?


இரவுப்பணி எழுதியது:

வழிப்போக்கன் தம்பியின் கேள்வி நல்ல கேள்வி. அதை நானும் பல வருடம் சுமந்திருக்கிறேன். நான் கத்தோலிக்கப் பெண். நாங்கள் திருமுழுக்கு என்று சொல்வோம். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் 28 வருடம் செவிலியராக இருந்தேன், பெரும்பாலும் இரவு ஷிப்ட்.

ஓர் இரவு, ஏழாம் மாதத்தில் பிறந்த பெண் குழந்தை. என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. விடியும்வரை தாங்காது என்று மருத்துவர் பெற்றோரிடம் சொல்லிவிட்டார். தாய் சக்கர நாற்காலியில் வந்து, "சிஸ்டர், ஞானஸ்நானம் கொடுக்க முடியுமா?" என்று கேட்டார். அருள்பணியாளர் வந்து சேர நேரமில்லை. மரண ஆபத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் சட்டம். கொடுப்பவர் திருமுழுக்குப் பெற்றவராகக்கூட இருக்க வேண்டியதில்லை. தண்ணீர், அந்த வார்த்தைகள், திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம், இவ்வளவு போதும்.

கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். கிருமி நீக்கிய தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, குளிராமல் இருக்க உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்தி வைத்திருந்தேன். தலையைச் சுற்றிக் குழாய்களை ஒட்டிய பிளாஸ்திரி. நெற்றியில் ஒரு இடம்தான் காலியாக இருந்தது, என் கட்டைவிரல் நகம் அளவுக்கு. பெயர் என்ன என்று கேட்டேன். அவர்கள் அதுவரை பெயர் முடிவு செய்திருக்கவில்லை. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், தாய் ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயரைச் சொல்லி, தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே என்று மூன்று முறையாகத் தண்ணீரை விட்டேன். பிளாஸ்திரி நனையாமல் துடைத்தேன். காலை நாலரை மணிக்குக் குழந்தை போய்விட்டது.

தம்பி, அந்தக் குழந்தை ஒரு நல்ல காரியமும் செய்யவில்லை. ஒரு தப்பும் செய்யவில்லை. நேர்மையாக இருக்க அதற்கு ஒரு நாள் கூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் அது யாருடைய பிள்ளை என்று அந்த அறையில் இருந்த எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. நீங்கள் கேட்ட அடையாளம் எனக்கு அதுதான். ஞானஸ்நானம் பெற்றவர் பெறாதவரை விட நல்லவர் என்று அது சொல்வதில்லை. உங்கள் பக்கத்து மேசைக்காரரின் நேர்மைக்கு நான் கை கூப்புகிறேன், அதுவும் கடவுள் கொடுத்தது என்றுதான் நம்புகிறேன். திருமுழுக்கு எனக்குச் சொல்வது வேறு. நான் விழுந்தால் எங்கே திரும்பிப் போக வேண்டும் என்று சொல்கிறது. எனக்கு ஒரு வீடு இருக்கிறது, அதன் கதவு உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடப்படாது என்று சொல்கிறது.

விழுந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு இரவு மூன்று குழந்தைகளுக்கு ஒரே நேரத்தில் நிலைமை மோசம். நான்காவது குழந்தைக்கு இரண்டு மணிக்குக் கொடுக்க வேண்டிய மருந்தை இரண்டே முக்காலுக்குக் கொடுத்தேன். சார்ட்டில் இரண்டு மணி என்றே எழுதிவிட்டேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் தெரியவும் போவதில்லை. ஆனால் அடுத்த வேளை மருந்தை அந்த நேரத்தை வைத்துத்தானே கணக்கிடுவார்கள்?

அந்தப் பிரிவில் ஒவ்வொரு குழந்தையைத் தொடும் முன்பும் பின்பும் கை கழுவ வேண்டும். ஒரு ஷிப்டில் எத்தனை முறை என்று கணக்கே இல்லை. முழங்கையால் குழாயைத் திறந்து, உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகம், மணிக்கட்டு. அந்தக் குழந்தை இறந்த இரவிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். தண்ணீர் கையில் விழும்போது என் திருமுழுக்குப் பெயரை மனதுக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்வேன். ஜெபம் என்று சொல்லும் அளவுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பெயர் மட்டும். கோவில் வாசலில் தீர்த்தத் தொட்டியில் விரல் நனைத்துச் சிலுவை அடையாளம் போடுகிறோமே, அதுவும் திருமுழுக்கை நினைப்பதற்குத்தான். எனக்கு அந்தத் தொட்டி வார்டின் கை கழுவும் இடத்திலேயே கிடைத்துவிட்டது. அன்றைக்கும் கை கழுவப் போனேன், தண்ணீர் விழுந்தது, பெயரைச் சொல்ல வந்தது, சொல்ல முடியவில்லை. அப்படியே ஈரக் கையோடு நின்றேன்.

திரும்பிப் போய் சார்ட்டை எடுத்தேன். எங்கள் வேலையில் தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. ஒரே ஒரு கோடு, கீழே இருப்பது படிக்கும்படியாக. பக்கத்தில் சரியானது, நேரம், கையெழுத்து. இரண்டு மணியின் மேல் கோடு போட்டு இரண்டே முக்கால் என்று எழுதி, பொறுப்பு செவிலியரிடம் போய்ச் சொன்னேன். எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். கொடுத்தேன். அந்தத் தாள் என் பணிக் கோப்பில் கடைசிவரை இருந்தது. ஞாயிறு ஒப்புரவு அருட்சாதனத்துக்கும், அதாவது பாவசங்கீர்த்தனத்துக்கும், போனேன். ஆனால் அந்தக் கோடு போட்ட நொடியில்தான் பெயர் எனக்குத் திரும்பி வந்தது.

கணக்கு வேலையில் எப்படித் திருத்துவார்கள் என்று எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு முறை இருக்கும்தானே?

கடைசியாக, மாதக்கடைசி தம்பி, அந்த மெழுகுவர்த்தி. மெழுகில் விரல் பதிந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நான் அதை இரண்டு தடவை படித்தேன். நான்கு மாதக் குழந்தையால் மெழுகுவர்த்தியைப் பிடிக்க முடியாது. உங்களுக்காக யாரோ பிடித்திருக்கிறார்கள், சூடு பொறுத்துக்கொண்டு. உங்களுக்கு நினைவில்லாதது அவர்களுக்கு நினைவிருக்கலாம். சான்றிதழில் ஞானப்பெற்றோர் பெயர் இருக்கிறது என்றீர்களே, அவர்கள் இருக்கிறார்களா?


மாதக்கடைசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாளாக இந்தப் பக்கம் வராததற்கு மன்னிக்கவும்.

கணக்கில் முறை இருக்கிறது, இரவுப்பணி அம்மா. அழிக்க முடியாது. தப்பான பதிவுக்கு எதிர்ப்பதிவு ஒன்று போட்டு ரத்து செய்து, சரியான தேதியில் புதிதாகப் போட வேண்டும். மூன்றும் புத்தகத்தில் நிற்கும். உங்கள் ஒற்றைக் கோடு மாதிரிதான். ஆனால் மூடிய மாதத்தில் எதிர்ப்பதிவு போட மேலாளரின் ஒப்புதல் வேண்டும். நேற்று அவரிடம் போய்ச் சொன்னேன். என்னென்னவோ தயார் செய்து வைத்திருந்தேன், வாயில் வந்தது, "சார், அந்த இன்வாய்ஸ் தேதி தப்பு, நான் போட்டது, திருத்தணும்" என்பது மட்டும்தான். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. நாளை காலை தன் மேலதிகாரியோடு உட்கார்ந்து பேசலாம் என்றிருக்கிறார். என்ன ஆகும் என்று தெரியவில்லை.

நதியோரம் அக்கா, நண்பரிடமும் பேசினேன். இப்போதைக்குத் தண்ணீரில் இறங்கப்போவதில்லை என்றேன். எனக்கு ஆரம்பம் இல்லாமல் இல்லை, இருக்கிற ஆரம்பத்துக்கு நான் திரும்பிப் போகவில்லை, அவ்வளவுதான் என்று சொன்னேன். அவருக்கு அதில் உடன்பாடில்லை. ஆனாலும் நாளைக்காக ஜெபிக்கிறேன் என்றார். வேதபாடம் ஐயா, "பெற்றிருக்கிறேன்" என்று குளிக்கும்போது சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன். வித்தியாசம் இருக்கிறது. வழிப்போக்கன், உங்கள் பக்கத்து மேசைக்காரர் மாதிரி ஒருவர் என் அலுவலகத்திலும் இருக்கிறார். மேலாளரிடம் போகும் முன் அவரிடம்தான் முதலில் சொன்னேன்.

ஞானத்தந்தை இறந்துவிட்டார். ஞானத்தாய் இருக்கிறார், அம்மாவின் சிறுவயதுத் தோழி, எண்பது வயது தாண்டிவிட்டது. அம்மாவின் அடக்கத்தில் பார்த்ததுதான், அதற்கு முன்னால் நான் அவருக்குப் போன் செய்து எத்தனையோ வருடம். நேற்று இரவு கூப்பிட்டேன். மெழுகுவர்த்தியைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார். "நீ அப்படி அழுத. உங்கம்மா உன்னைச் சமாதானப்படுத்த முடியாம நின்னா. நான் உன்னையே பார்த்துக்கிட்டு மெழுகுவர்த்தியைச் சாய்ச்சுட்டேன், கையில வழிஞ்சிடுச்சு. குருவானவர் ஜெபத்தை முடிக்கிறவரைக்கும் கையை எடுக்கலை" என்றார். பிறகு, யாரோ சாதாரணமாக வீட்டு விஷயம் சொல்வதுபோல, "அன்னைக்குப் பொறுப்பு எடுத்துக்கிட்டேன் இல்லையா, ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி உன் பேரைச் சொல்லாம இருந்ததில்லை" என்றார்.

நாற்பத்தோரு வருடம். எனக்குத் தெரியவே தெரியாது.

அலுவலக விஷயத்தைச் சொன்னேன். ஏன் செய்தாய் என்று அவர் கேட்கவில்லை, புத்தியும் சொல்லவில்லை. நாளைக்கு எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். ஒன்பது மணி என்றேன்.